கசிவு நின்றதால் குறைந்த மரங்கள்

ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் ஜாஸ்மின் ஒன்பது வருடமாக மெயின்டனன்ஸ் பார்த்தாள். போன வருடம் அங்கே ஒரு புது ஏற்பாடு வந்தது. மிஷின்கள் ஓடக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரஸரை வெளிக் கம்பெனி வைத்துப் பார்த்துக்கொள்ளும்; இவர்கள் காற்றை மட்டும் மீட்டர் பார்த்து வாங்க வேண்டும். வரவேற்பறையில் பெரிய திரை மாட்டினார்கள். அதில் பச்சை இலை ஒன்று. கீழே, இந்த மாதம் காப்பாற்றிய மரங்களின் எண்ணிக்கை. அந்த மரங்களில் ஒன்றையாவது கண்ணால் பார்க்க ஜாஸ்மினுக்கு ஆசை.

மூன்றாவது லைனுக்கு மேலே காற்றுப் பைப்பின் மூட்டு கசிந்தது. வெளிக் கம்பெனியின் இன்ஜினியர் ஜெபர்சனிடம் சொன்னாள். அவன் டேப்லெட்டைத் தடவினான்.

"எல்லாம் கிரீன்ல இருக்கு மேடம்."

"உஸ்ஸுனு காதுல கேக்குது சார்."

"காதுல கேக்கறது டேட்டா இல்ல மேடம்."

கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் மூளையும் கூடவே தொங்கும் என்று எவன் சொல்லிக்கொடுத்தான் இவனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லை. மேனேஜர் திருமலையைக் கையோடு அழைத்துப் போனாள். எந்த மிஷினும் ஓடவில்லை. கம்ப்ரஸர் மட்டும் மூச்சிரைக்க ஓடியது.

"இது யாருக்கு ஓடிகினு கீது, சார்?"

ஏணியில் ஏறி அந்த மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினாள். நுரை பொங்கி வழிந்தது. திருமலை தலையாட்டினார். அன்றே அந்தப் பைப் மூட்டை மாற்றினாள்.

மாதம் முடிந்ததும் திரையில் மரங்கள் பாதியாகிவிட்டன. எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு மரம் என்பதுதான் அந்தத் திரையின் கணக்கு. காற்று மிஷினுக்குப் போனாலும் ஆகாயத்துக்குப் போனாலும் அதற்கு ஒன்றுதான். பசுமை மதிப்பெண் ஏன் சரிந்தது என்று தலைமை அலுவலகம் கேட்டது. அடுத்த வாரம் ஆடிட். திருமலை அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆடிட் முடியற வரைக்கும் அந்த மூட்டக் கொஞ்சம் லூஸா வுட முடியுமா, ஜாஸ்மின்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏணி அங்கதான் கீது. ஏறுங்க. நான் புடிச்சிக்கிறேன்."

அவர் ஏறவில்லை. ஜெபர்சன் உட்கார்ந்த இடத்திலேயே கணக்கை மாற்றி எழுதினான்; மரங்கள் திரும்ப முளைத்தன. ஆடிட்டுக்கு வந்தவர்கள் திரைமுன் நின்று கைதட்டினார்கள். போட்டோவில் பெண் டெக்னீஷியன் ஒருத்தி வேண்டும் என்று ஜாஸ்மினைக் கூப்பிட ஆள் வந்தது.

"கையெல்லாம் கிரீஸு" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டு, ஜாஸ்மின் சாப்பிடப் போய்விட்டாள்.