யாரும் திறக்காத பெட்டி

மதியம் ஒன்றேகாலுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மெயில் சர்வர் மூன்றாவது முறையாகப் படுத்துக்கொண்டது. பதின்மூன்று வருடப் பழைய மென்பொருள். அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறேன் என்று வாயைக் கொடுத்தவள், அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவள்தான். ஐந்து மணிக்கு அன்றைய முடிவுகள் டாக்டர்களுக்கு மெயிலில் போயாக வேண்டும்.

"முடியலைன்னா இப்பவே சொல்லிரும்மா. வெளி ஆளுங்களக் கூப்பிட்டுடறேன்," என்று மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். வெளி ஆட்கள் வந்தால் அப்புறம் இந்த அறையில் அவளுக்கு என்ன வேலை? மானிட்டர் துடைக்கிற வேலைதான்.

இணையத்தில் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள்: இவ்வளவு பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு நேரே தாவ முடியாது. பின்னே எப்படிப் போவது என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. பழையதையே திரும்ப எழுப்பிவிட்டு, சரி, யார் யாருக்கு மெயில் பெட்டி இருக்கிறது என்றாவது எண்ணுவோம் என்று உட்கார்ந்தாள். ஆட்கள் அறுபத்திரண்டு, பெட்டிகள் அறுபத்து மூன்று. கூடுதலாக இருந்தது சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கான பொதுப் பெட்டி. வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் அவள் அதைத் திறந்ததே இல்லை.

உள்ளே நானூற்றுப் பதினேழு கடிதங்கள். அவளுக்கு முன் இதே நாற்காலியில் இருந்தவர் எழுதியவை. சர்வரில் ஒரு வரியைத் தொட்டாலும் அன்றைக்கே இந்தப் பெட்டிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார்: என்ன மாற்றினேன், எங்கே சொதப்பினேன். கடைசிக் கடிதத்தின் தலைப்பு: 'பதிப்பை மாற்றப் போகிறவருக்கு.'

"நேரே தாவாதீர்கள். நடுவே ஒரு பதிப்பில் நின்று போங்கள். முகவரிப் பட்டியலை முதலில் தனியே எடுத்து வையுங்கள். ஒத்திகையில் நான் அதை மறந்து மூன்று முறை தலையில் அடித்துக்கொண்டேன்."

அவளும் மூன்று முறை அதைத்தான் மறந்திருந்தாள். சந்தோஷத்தில் அவள் துள்ளியதில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது.

"அக்கா, ஓடி வாங்களேன்!"

ரிசப்ஷன் அக்கா வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். "அந்த முசுடா எழுதினது? ஆறு வருஷத்துல எங்கிட்ட பத்து வார்த்தை பேசினதில்லடி!"

"எல்லாத்தையும் இங்க கொட்டியிருக்காரு, பாருங்க."

கடிதத்தில் மொத்தம் ஒன்பது படிகள். அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் செய்தாள். ஏழாவதில் திரை கறுத்ததும் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். 'இங்கே இரண்டு நிமிடம் கறுக்கும், பயப்படாதீர்கள்' என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நாலு நாற்பதுக்கு முன்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வந்துடுச்சுடி! உன் டெஸ்ட் மெயில் வந்துடுச்சு!"

ஐந்துக்கு முடிவுகள் வரிசையாகப் புறப்பட்டுப் போயின. மேனேஜர் எட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

பையை எடுத்தவள் மறுபடி உட்கார்ந்தாள். இன்று என்ன செய்தாள், எங்கே மூன்று முறை சொதப்பினாள் என்று எல்லாவற்றையும் எழுதி அந்தப் பெட்டிக்கே அனுப்பினாள். திரையின் ஓரத்தில் பெட்டியின் பெயர் தடித்த எழுத்தாகி, பக்கத்தில் புதுக் கடிதம் ஒன்று என்று காட்டியது. அதைத் திறக்காமல் அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.