எந்நாளும் இருக்கட்டும்

இடது கால் ஷூவுக்குள் போக மறுத்தது. நஜ்லா தரையில் மண்டியிட்டு, தேக்கரண்டியின் காம்பைக் குதிகாலுக்குப் பின்னால் செருகி அழுத்தினாள். கம்பளிக் காலுறைக்கு மேலாகவே சில்லிப்பு கைக்குத் தெரிந்தது.

"பாத்து. வலிக்கும்," என்றான் பிஷாரா.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மாமனாரின் தோள்களைச் சக்கர நாற்காலியின் முதுகோடு சேர்த்துப் பிடித்திருந்த கைகளை அவன் எடுக்கவில்லை. நஜ்லாவும் நிமிரவில்லை. கால் உள்ளே போயிற்று. கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டாள். அப்பா ஒற்றை முடிச்சுதான் போடுவார்.

காலையில் ரொட்டியைக் கிள்ளி எண்ணெயில் தோய்த்தவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவ்வளவுதான். கை மேசையிலேயே இருந்தது. "ஆறிடும், சாப்பிடுங்க" என்று அவள் அடுப்படியிலிருந்து சொல்லிவிட்டு மறுபடியும் ஒருமுறை சொன்னாள். அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

அழுவதற்கு வாயைத் திறந்தபோது பிஷாரா அவள் வாயைப் பொத்தினான். ஊரில் எந்த வீட்டில் பெண் குரல் அப்படி எழுந்தாலும், கொஞ்ச நேரத்தில் கோயிலில் துக்க மணி அடித்துவிடும். அப்பா பெய்த் ஜாலாவில் செத்ததாகிவிடும். அவர் இங்கே சாகக் கூடாது.

அப்பாவுக்கும் அவளுக்கும் ஜெருசலேமின் நீல அடையாள அட்டை. பிஷாராவுக்கு மேற்குக் கரையின் பச்சை. நீல அட்டைக்காரர்கள் ஜெருசலேமில்தான் வாழ வேண்டும். வாழவில்லை என்று தெரிந்தால் அட்டை போய்விடும். பச்சை அட்டைக்காரன் அங்கே ஓர் இரவு தங்கினால் சிறை. அதனால் அவர்கள் ஜெருசலேமின் பெய்த் ஹனீனாவில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, மலைக்கு இந்தப் பக்கம் வாழ்ந்தார்கள். அந்த அறைக்கு அதிகாரிகள் இரண்டு தடவை வந்துவிட்டார்கள். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பல் துலக்கும் பிரஷ்களைத் தொட்டுப் பார்த்தார்கள், ஈரமாக இருக்கிறதா என்று. வீட்டுக்காரர் ஃபரீத் தினமும் காலையில் அவற்றை நனைத்து வைப்பதால் அட்டை பிழைத்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி, அம்மாவின் கல்லறை, எல்லாமே அந்த அட்டைக்கு அந்தப் பக்கம்தான். "பெய்த் ஜாலாவில், மகளின் வீட்டில் காலமானார்" என்று ஒரு வைத்தியர் எழுதிவிட்டால் போதும், அவள் அட்டை போய்விடும்.

மப்ளரைத் தாடைக்கு அடியில் கொடுத்து, காதுகளை மறைத்து, உச்சியில் கட்டினாள். அதன் மேல் கம்பளிக் குல்லாய். பல்வலிக்காரர் போல இருந்தார்.

"நான் கீழ வரைக்கும் தூக்கிட்டு வரேன்," என்றான் பிஷாரா. "அதுக்கப்புறம்..."

"தெரியும்."

ஈஸ்டருக்கு மட்டும் இஸ்ரேல் ராணுவம் அவனுக்கு ஜெருசலேம் போக அனுமதி தரும், சில வருஷம் தராது. அப்பா அதை வைத்தே அவனைச் சீண்டுவார். "மாப்பிள்ளைக்கு உயிர்த்தெழற அன்னைக்குதான் பர்மிட். எவனாவது செத்தா வர முடியாது. அதனால நான் சாகறதா இருந்தா உயிர்த்தெழறதையும் சேத்தே பண்ணிடறேன், சரியா?" சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

கதவு திறந்தது.

மேல்வீட்டு உம் நதீமுக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. கையில் துணி மூடிய தட்டு. தெருவில் சாவு விழுந்தால் கோயிலுக்கு ஓடிப் போய் மணி அடிக்கச் சொல்வது அவள்தான். கல்யாணம், சண்டை, சிலி நாட்டுக்குப் போனவன் அங்கே யாரோடு குடும்பம் நடத்துகிறான் என்பது, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் தெருவுக்குத் தெரியும்.

நஜ்லா படுக்கையறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"கீரை கிடைச்சுது. மழைக்கு அப்புறம் இப்பதான் தழைச்சிருக்கு. உங்கப்பாவுக்குப் பிடிக்குமேன்னு வதக்கினேன்," என்று சொல்லிக்கொண்டே உம் நதீம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எங்க அந்த மனுஷன்? இன்னும் எந்திரிக்கலையா?"

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம். உடை மாத்திட்டு இருக்காரு."

"மழையிலயா? நேத்து கோயில்ல குளிர் தாங்கல. ஹீட்டர் கெட்டுப்போச்சு, பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியில முடிச்சுட்டாரு. கர்த்தர் இரக்கமுள்ளவர்தான்." அவள் கழுத்து படுக்கையறைப் பக்கம் வளைந்தது. கதவிடுக்கில் குல்லாயின் பின்புறம் தெரிந்தது. "அபூ சுஹேல், மகாராஜா மாதிரி முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க. ஒரு காலை வணக்கம் கிடையாதா?"

மழை ஜன்னலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பல்வலி," என்றாள் நஜ்லா. "ராத்திரி பூரா தூங்கலை."

"பல்லு இருக்கா இன்னும் அவருக்கு?"

பிஷாரா அடுப்படிக்குப் போய்விட்டான். வந்தவளைக் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியாது; அனுப்பினால் அதுவே ஒரு செய்தியாகிவிடும். நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. உம் நதீம் தன் மருமகள் அடுப்பை எப்படித் துடைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நஜ்லா அவள் உதடுகளையே பார்த்தபடி இருந்தாள். உள்ளே நாற்காலியில் அப்பா மெல்லச் சரிவது போல ஒரு சத்தம் கேட்டதாகத் தோன்றியது. இல்லை, சூடேறும் அடுப்பின் தகரம்.

பிஷாரா கோப்பையை வைத்தான். உம் நதீம் மூன்று கரண்டி சர்க்கரைக்காரி, அந்தத் தெருவுக்கே தெரியும். பேசிக்கொண்டே எடுத்து ஒரு மடக்கு குடித்தாள்.

பேச்சு நின்றது.

நஜ்லாவுக்கு முதலில் புரியவில்லை. கோப்பையைப் பார்த்தாள். பிறகு பிஷாராவின் முகத்தைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. அடுப்படியில் சர்க்கரை டப்பா மூடியபடியே இருந்தது. சாவு வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை. அவன் யோசிக்கவில்லை, அவன் கை போடவில்லை.

உம் நதீம் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. மிச்சத்தையும் மெதுவாக, கசடு வரைக்கும், குடித்தாள். காப்பி குடித்து முடித்தால் "எந்நாளும் இருக்கட்டும்" என்று வீட்டை வாழ்த்திவிட்டுத்தான் கோப்பையைத் திருப்பித் தர வேண்டும். சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது.

அவள் சொல்லவில்லை. கோப்பையை மேசையில் வைத்து, அதன் விளிம்பை விரலால் ஒருமுறை துடைத்தாள்.

"எப்ப?" என்றாள், உதடு அசையாமல்.

"காலையில," என்றாள் நஜ்லா.

உம் நதீம் சிலுவை போட்டுக்கொள்ளக் கையை எடுத்தாள். நெற்றி வரை போன கை, முக்காட்டைச் சரி செய்துகொண்டு இறங்கியது. எழுந்து போனாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் மேலே போகவில்லை, கீழே போயிற்று. தெருவை நோக்கி.

"போயிட்டா," என்றான் பிஷாரா. "கோயிலுக்குத்தான்."

"தூக்கு."

முன்பக்கத்தை அவள் பிடிக்க, பின்பக்கத்தை அவன் பிடிக்க, நாற்காலியைப் படிப்படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அப்பாவின் தலை ஆமோதிப்பது போல ஆடியது. நஜ்லா மணிச் சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டே இறங்கினாள். வாசலில் ரொட்டிக் கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கும் காருக்கும் நடுவில், இடுப்பில் கைவைத்தபடி, உம் நதீம்.

"என்ன வேடிக்கை? மனுஷன் பல்வலியில துடிக்கறாரு, நீங்க சுத்தி நின்னு நலம் விசாரிக்கப் போறீங்களா? வாயைத் திறந்தாலே குளிர் காத்து ஏறும். தள்ளுங்க." அவளே கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். பிஷாரா அப்பாவை உள்ளே உட்காரவைத்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் முதுகுக்கு மேலாகத் தலையை நீட்டித் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "அபூ சுஹேல், நர்சுங்ககிட்ட வழியாதீங்க. உங்க பொண்ணு அங்கதான் வேலை பாக்குது, மானம் போயிடும். கீரையை எடுத்து வெக்கறேன். வந்து சாப்பிடுங்க."

ரொட்டிக் கடைக்காரர் சிரித்தார். "வரும்போது எனக்கும் ஒரு நர்ஸ், அபூ சுஹேல்."

உம் நதீமின் கை, யாரும் பார்க்காத இடத்தில், அப்பாவின் கையைப் பிடித்திருந்தது. விட்டாள்.

பிஷாரா கார் ஜன்னலருகே குனிந்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. முத்தமிட முடியாது. மப்ளரின் நுனியைக் கோட்டுக்குள் செருகிவிட்டான்.

"மெதுவா ஓட்டு," என்றான்.

சோதனைச் சாவடி வரிசையில் மழை கண்ணாடியைத் தட்டியது. நஜ்லா ஹீட்டரைப் போடவில்லை. பக்கத்தில் அப்பா முழங்காலில் கைவைத்து முன்னே பார்த்து உட்கார்ந்திருந்தார், பழைய நாட்களில் தானே பஸ் ஓட்டியபோது உட்காருவது போல. வரிசை நகர்ந்தது. அவள் தன் மூச்சைக் கேட்டாள். காருக்குள் ஒரே ஒரு மூச்சுச் சத்தம்தான் இருந்தது. ரேடியோவைப் போட்டாள்.

சிப்பாய் சின்னப் பெண். நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது. இரண்டு நீல அட்டைகளையும் வாங்கினாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரி. பிறகு வீட்டுக்கு. பெய்த் ஹனீனா."

"பெய்த் ஜாலாவுல என்ன வேலை?"

"சொந்தக்காரங்க."

அட்டையில் இருந்த படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். காரைச் சுற்றி அந்தப் பக்கம் போய்க் கண்ணாடியை விரலால் தட்டினாள். நஜ்லா இறக்கினாள். மழைச் சாரல் அப்பாவின் கன்னத்தில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"குல்லாய எடுக்கச் சொல்லு. முகம் தெரியல."

"அப்பா," என்றாள் நஜ்லா. குரல் வழக்கமாக வரும் குரலாகவே வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "அப்பா, இந்தப் பொண்ணு உங்க முகத்தைப் பாக்கணுமாம்."

ரேடியோவில் யாரோ காய்கறி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிப்பாயின் கை உள்ளே நீண்டு மப்ளரைத் தொட்டது.

"காசநோய்," என்றாள் நஜ்லா. "தொத்திக்கும். அதான் கட்டி வெச்சிருக்கேன்."

கை நின்றது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் அடித்தது. மலைமேல் இஸ்ரேலியக் குடியேற்றத்திலிருந்து வருகிறவர்கள், வேலைக்கு நேரமாகிறவர்கள். ஒருவன் தலையை வெளியே நீட்டி அவர்கள் மொழியில் ஏதோ கத்தினான். சிப்பாய் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். அட்டைகளை அப்பாவின் மடியில் போட்டாள்.

"போ."

சுரங்கப்பாதையின் இருட்டில் நஜ்லா கண்ணாடியை ஏற்றினாள். கியர் மாற்றும்போது அவள் முழங்கை அப்பாவின் கையில் பட்டது. எடுக்கவில்லை.

பெய்த் ஹனீனாவில் ஃபரீத் வாசலிலேயே காத்திருந்தார். பிஷாரா போனில் சொல்லியிருந்தான். இருவருமாகச் சேர்ந்து அப்பாவை அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். அவர் ஒருநாளும் படுத்திராத கட்டில். நஜ்லா ஷூவைக் கழற்றினாள், குல்லாயை, கோட்டை. போர்வையை ஒரு பக்கம் கசக்கிவிட்டாள். தலையணையில் பள்ளம் போட்டாள். குளியலறைக்குப் போய் அப்பாவின் பிரஷ்ஷை எடுத்தாள். ஃபரீத் ஏற்கெனவே நனைத்து வைத்திருந்தார். இருந்தாலும் இன்னொரு முறை குழாயடியில் காட்டி, தம்ளரில் போட்டாள்.

போன் அடித்தது.

"போயிட்டீங்களா?" என்றான் பிஷாரா. அவனுக்குப் பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம்.

"ம்."

"இங்க நாலு பேர் வந்து உக்காந்திருக்காங்க. பல்வலி விசாரிக்க. உம் நதீமும் வந்திருக்காங்க." கதவு சாத்தும் சத்தம். பேச்சு தூரமாயிற்று. "காப்பி போட்டேன். இந்தத் தடவை சர்க்கரை போட்டேன் நஜ்லா. எல்லாத்துலயும் போட்டேன்."

அவள் காத்திருந்தாள்.

"உம் நதீம் குடிச்சாங்க. கப்பை என் கையில குடுத்துட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க. எந்நாளும் இருக்கட்டும்னு."

போனின் இரண்டு பக்கமும் மழை கேட்டது.

"டாக்டரைக் கூப்பிடட்டுமாம்மா?" என்றார் ஃபரீத், வாசற்படியில் நின்றபடி. "கோயிலுக்கும் சொல்லணும்."

"கூப்பிடுங்க."

அவர் போனதும் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பிப் பாத்திரத்தை ஏற்றினாள். அதிகாரிகள் கண்ணில் படுகிற மாதிரி மேசை நடுவில் ஒரு சர்க்கரை டப்பா இருந்தது, பிரிக்காமலே. அதை எடுத்து அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள்.