லயத்துக்கு ஒரே முகவரி

ஆன்லைன் பரீட்சையின் ஐந்தாம் கேள்வியில் பிரவீனாவின் போன் திரை சிவந்துபோனது. “இந்த இணைய முகவரியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்டோர் எழுதுகிறார்கள். முகவரி முடக்கப்பட்டது.” அரை மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் கண்டியில் தாதிப் பயிற்சி கைநழுவிப் போகும். அடுத்த வருடம் எழுதலாமென்றால் வயது தாண்டிவிடும்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், பக்கத்துக் காம்பராவிலிருந்து நிரோஜா ஓடிவந்தாள். “அக்கா, எனக்கும் போயிருச்சு!”

நிரோஜாவை அதே பரீட்சைக்கு விடாப்பிடியாக விண்ணப்பம் போட வைத்ததே பிரவீனாதான்.

உக்குவளைக்கு மேலே அந்தத் தோட்டத்துப் பள்ளத்தில் தண்ணீர் விழும் பீலியடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் பேச மட்டும். தண்ணீர் பிடிக்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு பரீட்சைக்காரர்களை அழைத்தாள்.

“ஒரே ஆள்தானே ரெண்டு பெயரில எழுதுறீங்க?” என்றது ஒரு பெண்குரல்.

“இல்லைங்க மிஸ்! எங்க லயத்துக்கே ஒரு ரூட்டர்தான். உள்ளுக்கு எங்க போனுக்கெல்லாம் தனித்தனி நம்பர் இருக்கு. வெளிய அனுப்புறப்ப அதை எடுத்துட்டு தன்னோட நம்பரைப் போட்டுத்தான் அனுப்பும். பதில் வந்தா யார் கேட்டதுன்னு பார்த்து அவங்ககிட்ட சேர்க்கும். உங்களுக்கு ரூட்டரோட முகவரிதான் தெரியும், நாங்க தெரிய மாட்டோம்.”

லயத்துக்கு ரூட்டரைப் பொருத்திய சசிக்குமார் அண்ணன் அன்று ஊருக்கே அளந்த கதை அது. அன்று கொட்டாவி விட்டுக் கேட்டவள் இன்று வரி பிசகாமல் ஒப்பித்தாள். தோட்டத்துக்கு இதென்ன புதிதா? கடிதமெல்லாம் ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும், கிளாக்கர் மனம் வைத்துப் பிரித்துக் கொடுத்தால் உண்டு. இன்டர்நெட் வந்தும் தனி முகவரிக்கு வழியில்லை.

“விளங்குது. ஆனா அந்த முகவரியில ஒருத்தருக்குத்தான் திறந்து விடலாம். யாருக்கு?”

கூடவே ஓடிவந்த நிரோஜா பக்கத்திலேயே நின்றாள். குரல் அவளுக்கும் கேட்டது. பிரவீனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

“பிரவீனா,” என்றாள். சொன்ன வாய் கசந்தது.

திரும்பி ஓடிவந்து பார்த்தபோது கேள்வி திறந்திருந்தது. வாசலில் நிரோஜா தன் போனை அணைத்தாள். பிறகு லயத்தின் மறுகோடிவரை அவள் குரல் கேட்டது.

“யாரும் வைஃபை போடாதீங்க! அக்கா சோதனை எழுதுது, லைன் மெதுவாப் போயிரும்!”

பிரவீனாவுக்கு ஆறாம் கேள்வி கண்ணீரில் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டு எழுதினாள்.