சர்க்கார் முடிச்சு

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே என் மடியில் உதிரட்டும். மற்றவை எப்படிப் போயின என்பதும் இதில் வரும்.

என் மகன் சின்னக்கண்ணு கள்ளக்குறிச்சி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். இரண்டு மூட்டைக்கு நடுவில் என்னையும் தூக்கிக்கொண்டுபோய் டீக்கடையில் இறக்கிவிடுவான். சாராயப் பாக்கெட்டில்தான் அவனுக்குச் சனி. ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரம்மா, இனிமேல் தொட்டால் உயிர் தங்காது என்று சொல்லிவிட்டார். மருமகள் ஜெயம்மாள் அவனை மலையடிவாரத்துக் கோயிலுக்கு அழைத்துப்போய், சாமி முன்னால் சத்தியம் வாங்கி, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டவைத்தாள். நாற்பத்தெட்டு நாள். கயிறு கையில் இருக்கும்வரை எங்கள் ஆட்கள் பாக்கெட்டைத் தொடமாட்டார்கள். தொட்டால் இரத்தம் கக்கவைக்கும் சாமி அது. அவசரமென்றால் வீட்டுப் பெரியவர் கற்பூரம் ஏற்றி அவிழ்த்துவிடலாம். சாமி கண்டுகொள்ளாது. எங்கள் வீட்டுப் பெரியவன் நான்.

அந்த நேரத்தில்தான் ஆம்பிளைகள் உடம்பைக் காப்பாற்ற சர்க்கார் சட்டம் போட்டது. கள்ளச்சாராயம் விற்றால் ஆயுள் தண்டனை. சட்டம் மறுநாளே கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து வந்து இறங்கியது. அதைக் கண்டதும் கல்வராயன் மலையில் ஊறல் போட்டிருந்த பேரல்கள் தாமாகவே உருண்டு ஓடையில் விழுந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்த காட்டுப்பன்றிகள் மூன்று நாள் ஒன்றையொன்று மச்சான் என்று கூப்பிட்டன. பிறகு தாசில்தார் வீடு வீடாக வந்து, கோயில் கயிற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு சர்க்கார் கயிறும் கட்டிவிட்டுப் போனார்.

எங்கள் தெருப் பொன்னுரங்கம் செத்துப்போனான். பாடை தூக்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு பாக்கெட் கொடுப்பது வழக்கம். வாங்காவிட்டால் செத்தவனை மதிக்கவில்லை என்பார்கள். நான் கற்பூரம் ஏற்றினேன்.

"மாமா, இன்னா பண்றீங்க? இன்னும் ஒம்பது நாள் கெடக்குது!" ஜெயம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"ஒரு நாளைக்குத்தானம்மா. நாலு பேரு எதிர்ல எம்புள்ள கையக் கட்டிக்கினு நிக்கணுமா?"

"நிக்கட்டுமே. உசுரோட நிக்கட்டும்."

கோயில் கயிறு சுலபமாக அவிழ்ந்தது. சர்க்கார் கயிறு அசையவில்லை. பல்லால் கடித்தேன்; வரிசையாக உதிர்ந்தன. சின்னக்கண்ணு சிரித்தான்.

"வுடுப்பா. சர்க்காரு முடிச்சு, உனுக்கு அவுறாது. நான் டீ குடிச்சிட்டே தூக்கறேன்."

டீ குடித்துவிட்டேதான் தூக்கினான். சாயங்காலம் ஜெயம்மாளுக்கு இரண்டு முழம் கனகாம்பரத்தோடு வந்து, என் மூக்கருகே வாயைத் திறந்து ஊதிக் காட்டினான். ஏலக்காய் வாசனை.

"கண்ணு நல்லாத் தெரியுதுப்பா" என்றான்.

நான் கற்பூரம் ஏற்றிய அன்று அவன் கையில் இருந்தது கோயில் கயிறு ஒன்றுதான். சட்டசபையில் அந்தச் சட்டம் நிறைவேறிய அன்று சின்னக்கண்ணுவுக்குப் பத்தாம் நாள் காரியம்.