எழுபத்தொரு விநாடிக் கோதுமை

என் அண்ணன் மரினஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வாசலில் காப்பியோடு நின்று, "நவம்பர் அறுவடை நன்றி நாள் விருந்துல, ஆலை வாங்குற பிரெஞ்சுக் கோதுமைக்கு வேலையே இல்ல. எல்லார் தட்டுலயும் என் கோதுமைதான் இருக்கும், பாருங்க!" என்று ஊரறியச் சொல்லிவிட்டான். வயலில் கதிர் முற்றி நின்றது. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஓய்வுநாளில் அறுவடை இயந்திரத்தைத் தொட எங்கள் சேலாந்து மாகாணத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்? அன்று மாலை பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை.

ஆலைக்கு வரும் கோதுமையைச் சோதிப்பது என் வேலை. மாவைத் தண்ணீரில் கலக்கிக் குழாயில் ஊற்றி, கொதிநீரில் வைத்து, மேலிருந்து ஒரு கம்பியை விடுவேன். நல்ல மாவு கஞ்சியாகிக் கம்பியைத் தாங்கும். மழையில் நனைந்து கதிரிலேயே முளைவிட்ட கோதுமை நீர்த்துக் கைவிட்டுவிடும். ரொட்டிக்கு ஆகும் மாவென்றால், கம்பி அடியைத் தொட இருநூற்றைம்பது விநாடியாவது ஆக வேண்டும். காலையில் வந்த பிரெஞ்சுக் கோதுமை முந்நூற்றுப் பத்து தாங்கியது. அண்ணனுடையது எழுபத்தொன்று.

"உன் கம்பி கனம் ஜாஸ்தி, நேலி."

"ஆமாண்ணே, உன் கோதுமையப் பாத்ததும் குண்டாயிடுச்சு!"

"புரதம் எவ்வளவு? அதச் சொல்லு."

"பதிமூணு. பிரெஞ்சுக்காரனுக்குப் பன்னெண்டுதான்."

"அப்புறம் என்னடி?"

"முளைச்சிருக்கேண்ணே! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கூடப் பிறந்தவன்தான். ஆனாலும் சீட்டில் 'தீவனம்' என்றுதான் எழுதினேன். மொத்தக் கோதுமையும் பக்கத்துப் பண்ணைப் பன்றிகளுக்குப் போனது. ஒரே ஒரு மூட்டையை மட்டும் அண்ணன் பிடிவாதமாக ரொட்டிக்கடை லேன்டர்ட்டிடம் கொடுத்தான். ரொட்டிக்குள் இறங்கிய கத்தி வெளியே வர மறுத்தது. "இத வெச்சு செவுத்துக்குக் காகிதம் ஒட்டலாம், மரினஸ்," என்றார் லேன்டர்ட்.

நன்றி நாள் வந்தது. தேவாலயக் கூடத்து மேசையில் பிரெஞ்சுக் கோதுமை ரொட்டி அடுக்கடுக்காக இருந்தது. எல்லாரும் அண்ணனையே பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவனோ தலை நிமிரவில்லை. அப்போதுதான் பக்கத்துப் பண்ணைக்காரர் கொடுத்த பன்றி வறுவல் வந்தது. எல்லார் தட்டிலும் ஆளுக்கு இரண்டு துண்டு விழுந்தது.

அண்ணன் மெல்ல எழுந்தான்.

"சாப்பிடுங்க. என் கோதுமைதான். கொஞ்சம் சுத்தி வந்திருக்கு."

முதலில் சிரித்தவர் போதகர். கூடமே அதிரும்படி சிரித்து ஓய்ந்த பிறகு அண்ணன் உட்கார்ந்து, வறுவல் குழம்பை ஒரு பிரெஞ்சு ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட்டான். நான் ரொட்டித் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டான்.