நாற்காலி நகரும்வரை

முதலில் உடைந்தது தட்டா, தம்ளரா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் அங்கே இல்லை. பெல்கிஸின் பக்கத்து வீட்டுக்காரி நான். இதை என்னிடம் சொல்லும்போது அவள் ஒரு தடவை தட்டு என்பாள், இன்னொரு தடவை தம்ளர் என்பாள். என் ஞாபகத்தில் இரண்டும் கலந்துவிட்டன. அவளுடைய அப்பா எலிஹியோவின் கையிலிருந்து அது பறந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மோதிச் சிதறியது என்பது மட்டும் எந்தத் தடவையும் மாறவில்லை.

"காந்தல் எங்கடா?" என்றார் எலிஹியோ.

வில்டன் மேசையருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றான். யாங்கர்ஸில் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடைக் கிளையை அவன்தான் பார்த்துக்கொண்டான். வாஷிங்டன் ஹைட்ஸில் இருந்த பழைய கடையை அவனுடைய மாமியார் ஃபெலா நடத்தினாள். அங்கே இரும்பு அண்டாவில் சோறு வேகும். அடியில் பிடித்த பொன்னிறக் காந்தலை, கொன்கொன் என்பார்கள் எங்கள் ஆட்கள், சுரண்டி எடுத்து எலிஹியோவுக்கென்று தனியாக வைத்திருப்பாள் ஃபெலா. ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததும் அவர் முஷ்டியால் மேசையைத் தட்டுவார். உடனே ஓடி வந்து வைப்பார்கள்.

"ஐயா, இங்க மெஷின்லதான் சோறு வேகுது. அடிப்பிடிக்காது."

"அடிப்பிடிக்காத சோறு ஆஸ்பத்திரியில போடுவாங்க. நீ இப்படிச் சோறாக்கறது உன் மாமியாருக்குத் தெரியுமா?"

"மெஷினை வாங்குனதே அவங்கதான், ஐயா."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் உடைந்தது.

எலிஹியோவின் மகன் யோவான்னி தலையைத் தூக்காமல் சொன்னான். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். சாப்பிடத்தான் காசு. பாக்கறதுக்கு ஓசி."

வில்டன் பரிமாறுகிறவர்களைப் பார்த்துத் தலையசைத்தான். அவர்கள் அந்த மேசையை விட்டு விலகிக்கொண்டார்கள்.

இந்தக் கிளைக்குப் போகலாம் என்று சொன்னவள் பெல்கிஸ். பழைய கடையில் எல்லாரும் எலிஹியோவின் சகாக்கள். டொமினோ ஆடுகிறவர்கள், ஊர்க்காரர்கள். அங்கே அவரிடம் எதைச் சொன்னாலும் அது சிரிப்பில் போய் முடியும். இங்கே அவரை யாருக்கும் தெரியாது. பெல்கிஸின் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். அம்மாவுக்காக ஓர் அறையை ஒழித்துப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தாள். அம்மா நுரிஸின் துணிகள் ஒரு பையில் பெல்கிஸின் கார் டிக்கியில் இருந்தன. காலையில் பூசைக்குக் கிளம்பும்போது நுரிஸே அதைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்திருந்தாள். இனி எலிஹியோவிடம் சொல்ல வேண்டியதுதான் மிச்சம்.

ஆட்டுக்கறியை வில்டனே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனான். எலும்போடு வெட்டிய துண்டுகள், அவருக்குப் பிடித்த மாதிரி. பெல்கிஸ் தண்ணீர் குடித்தாள்.

"அப்பா, அம்மா இனிமே என் வீட்டுல இருக்கப் போறாங்க. இன்னைலேருந்து."

அவர் மகளைப் பார்க்கவில்லை. கையை மட்டும் வீசினார். புறங்கை நுரிஸின் வாயில் விழுந்தது. அவளுடைய வெள்ளைச் சோற்றில் ரத்தம் சொட்டியது. நுரிஸ் காகிதக் கைக்குட்டையை எடுத்து, மடித்து, உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னது நான்" என்றாள் பெல்கிஸ். "என்னை அடிங்க."

"உனக்கும் உண்டு. சாப்பிட்டுட்டு." ஒரு துண்டை எலும்போடு வாய்க்குள் திணித்தார். "நான் எந்திரிக்கற வரைக்கும் எவளும் எந்திரிக்கக் கூடாது."

அது அந்த வீட்டின் சட்டம். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்கும்வரை யாரும் எழக்கூடாது. சிறுவனாக இருந்தபோது யோவான்னி ஒருமுறை தீயணைப்பு வண்டியைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினான். திரும்பி வந்து உட்கார்ந்தவனின் புறங்கையில் எலிஹியோ முள்கரண்டியைக் குத்தி, மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அந்தப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

எலிஹியோ மேசையைத் தட்டினார்.

தம்ளர்கள் குலுங்கின. மறுபடி தட்டினார். கல்லாவிலிருந்து வில்டன் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் தட்டுகளுக்குள் குனிந்துகொண்டார்கள். எலிஹியோவின் முகம் சிவந்து, பிறகு நீலம் பாய்ந்தது. அவர் கோபப்படும்போதும் அப்படித்தான் ஆகும். ஆனால் இப்போது வாயிலிருந்து வசவு வரவில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை.

யோவான்னி தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நுரிஸின் கைகள் மடியில் இருந்தன. பெல்கிஸ் அப்பாவின் கண்களைப் பார்த்தாள். அவை அவளைத்தான் பார்த்தன. இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். நானும் கேட்டதில்லை.

முஷ்டி இன்னொரு தடவை விழுந்தது, மெதுவாக. பிறகு அவர் உடல் பக்கவாட்டில் சரிந்தது. தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நுரிஸ் எழுந்தாள்.

எழுந்தவள் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து, அவர் முதுகில் அடித்தாள். அவரைப் புரட்டிப்போட்டு நெஞ்சில் அடித்தாள். தோளில், வயிற்றில், முகத்தில் அடித்தாள். உதட்டு ரத்தம் அவர் சட்டையெல்லாம் சிதறியது. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அது வந்து சேர்ந்தபோதும் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். யோவான்னி பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்தான். அவன் தாடையிலும் ஒன்று விழுந்தது.

"போதும்மா. போயிட்டாரும்மா."

பாவம், காப்பாத்த எப்படிப் போராடுது பார் என்று ஒரு பெண் அழுதாளாம்.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு ஃபெலா வந்தாள். அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலத்தை மேசையில் வைத்தாள். காந்தல். சூடு ஆறவில்லை. யாரும் அதைத் தொடவில்லை. அவளுக்குப் பின்னால் வில்டன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தட்டுனாரா?" என்று ஃபெலா அவனைக் கேட்டாள்.

"தட்டுனாரு அத்தை. கோபம்னு நெனச்சேன். கிட்டப் போகாதீங்கன்னு நான்தான் பசங்களை நிறுத்தி வச்சிருந்தேன்."

"என் கடையில அவர் தட்டுனா ஓடுவோம்." அவள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, நுரிஸ்?"

நுரிஸ் மேசைமேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அவரு இன்னும் எந்திரிக்கலையே, அக்கா" என்றாள் நுரிஸ்.

ஃபெலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டை உடைத்து, அவள் கையில் வைத்தாள். நுரிஸ் கடித்தாள். உதட்டுக் காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. அந்த மொறுமொறுப்பு எல்லோருக்கும் கேட்டது.

வில்டன் மெஷினை விற்றுவிட்டு இரும்பு அண்டா வாங்கினான். கடை நன்றாகத்தான் ஓடுகிறது. யோவான்னி பென்சில்வேனியாவில் லாரி ஓட்டுகிறான், வண்டியிலேயே சாப்பிட்டுக்கொள்கிறான். ஃபெலா போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். பெல்கிஸ் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். நுரிஸ் அந்தப் பெயிண்ட் அடித்த அறையில் இருக்கிறாள். அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை இருக்கிறது. நுரிஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள்.