கனகத்தின் பச்சைப் பல்

1.
இந்தக் கதை எனக்கு ஒரு கொட்டாவியில் கிடைத்தது. மண்ணூரில் என் பக்கத்து வீட்டுக் கனகம், 1991 போகிக்கு முந்தின நாள், வாயைப் பிளந்தாள். பல்லெல்லாம் பச்சை. பார்த்துத் தொலைத்தேன், பார்த்ததைச் சும்மா விடுகிற வழக்கம் எனக்கில்லை.

2.
'சுருள்பாசி என்பது புரதமும் இரும்புச்சத்தும் நிறைந்த நுண்ணிய...' (அடித்துவிட்டேன். இப்போது எனக்கே கொட்டாவி.)

அதே வீட்டில் கனகத்தின் ஓரகத்தி செந்தாமரை. அவள் மகள் பாஞ்சாலிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் தூணில் முட்டிக்கொள்வாள். டாக்டர் தந்த மருந்தோடு, தண்டலத்துப் பயிற்சியில் கற்றபடி, செந்தாமரை கொல்லைத் தொட்டியில் சுருள்பாசி வளர்த்தாள்.* வடிகட்டித் தினமும் மோரில் ஒரு ஸ்பூன். மார்கழியில் குழந்தை தூணைச் சுற்றிப்போக ஆரம்பித்திருந்தது.

"இன்னாடி, குட்டைல கீறதெல்லாம் கொயந்தைக்கு ஊத்தறே? எருமகூட மூஞ்சத் திருப்பிக்கும்!" என்பாள் கனகம், தெருவுக்கே கேட்க.

"எருமைக்கு மாலைக்கண் இல்லக்கா."

* சோடா உப்பு, கொஞ்சம் உரம், வெயில், துழாவ ஒரு கை. விதை தனியாகக் கிடையாது. பழைய பச்சைத் தண்ணீர்தான் விதை.

3.
போகிக்கு வீடு முழுக்க வெள்ளையடிப்பு. கொல்லைப்பக்கம் கனகத்தின் பொறுப்பு. பாசி பிடித்த தொட்டியை அப்படியே விட்டால் தெரு என்ன பேசும்? (தெரு என்றால் நான்தான்.) கை பாட்டுக்கு அடைப்பைப் பிடுங்கியது, தேய்த்தது, சுண்ணாம்பு அடித்தது. நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா, ஒரு சொம்பு தண்ணிகூட மிச்சம் வெக்கலியே!" செந்தாமரை ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

4.
கதைக்கு முடிவு ஒன்று: தண்டலத்திலிருந்து புதுப் பாசி வருகிறது. (வராது. பயிற்சி தந்தவர்கள் மூட்டைகட்டி மாதமாகிறது.)

முடிவு இரண்டு: கனகத்தின் விறகுக்குப் பின்னால், வெயில் படுகிற இடத்தில், ஒரு சட்டி பச்சைத் தண்ணீர் இருப்பதை மதில்மேல் எட்டிப் பார்க்கும் நான் போட்டு உடைக்கிறேன். ரத்தம் போதாது என்று நர்ஸ் சொன்னதிலிருந்து அவளும் செந்தாமரையின் தொட்டியில் மொண்டு, திருட்டுத்தனமாக வளர்த்துத் தின்கிறாள். கேலி பேசிய பிறகு கேட்டு வாங்கத்தான் வாய் வரவில்லை. (நான் கதைக்குள் குதித்தால் அப்புறம் எனக்கு யார் கதை சொல்வார்கள்?)

கனகத்தை வில்லியாக்கவும் பார்த்தேன். அந்தப் பல் விடவில்லை.

5.
பொழுது சாய்ந்தது. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. கனகம் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பாஞ்சாலி தூணைச் சுற்றி நேராக வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தது.

"பெரிம்மா, உன் பல்லு இன்னா பச்சையா கீது?"

செந்தாமரை தலை நிமிர்ந்தாள். கனகம் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

சட்டி எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாயைத் திறக்க வைப்பது உங்கள் பாடு. நான் மதிலை விட்டு இறங்கிவிட்டேன்.